மலைச்சரிவில் ஒரு கோழிக்கூடு

பாடசாலை அதிபர் ஒருவர் கோழிக்கூட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நேயர்களுட் சிலர் வியக்கக்கூடும். நான் பெற்றது கலைப் பட்டம். கற்பிப்பது தமிழும் வரலாறும். ஆயினும் அக்குறணையிலே வாழ்பவனுக்குக் கோழி அயலான பொருளன்று. எங்கள் பகுதியில் வளவு சிறிது, சரிவு பெரிது, மழை மிகுதி. மிளகுக் கொடியும் கராம்பு மரமும் பலாவும் கமுகும் நெருங்கி நிற்கும் அவ்வளவுகளிலே நாலு கோழி மேயாத வீடு முன்னாளில் அரிது. இன்று அந்நிலை இல்லை. அது ஏன் இல்லாமற் போயிற்று, மீண்டும் உண்டாக்குவதற்கு வழி யாது என்பதையே சிறிது ஆராய விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; சோள விளைச்சல் குன்றிற்று; கோழித்தீனை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அந்நியச் செலாவணியும் இல்லை. பண்ணைக்காரர்கள் கோழிகளைக் குறைத்தார்கள். முட்டைக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை விதித்தது. விலை விதிக்கப்பட்டதும் முட்டை கடைகளிலிருந்து மறையத் தொடங்கிற்று. 2023 மார்ச்சு மாதத்தில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. தனக்கு வேண்டிய முட்டையைத் தானே உற்பத்தி செய்துகொண்டிருந்த நாட்டுக்கு இது புதுமை. ஒரு முட்டையிலே ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டென்பது விஞ்ஞானப் பாடம். வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு வந்து, காலை பத்து மணிக்கே மேசைமேல் தலைசாய்க்கும் பிள்ளையிடத்தில் அப்பாடத்தின் பொருளைக் கண்ணாற் காணலாம்.

அக்காலத்திலே எங்கள் அயலிற் பலர் ஐந்தும் பத்துமாகக் குஞ்சுகளை வாங்கினார்கள். பழைய பலகையையும் தகரத்தையும் தேடிக் கூடுகளும் அடித்தார்கள். அக்கூடுகளை இன்று போய்ப் பார்த்தால் மனம் வருந்தும். ஒன்றிலே விறகு அடுக்கியிருக்கிறது. மற்றொன்றிலே சக்கரமில்லாத சைக்கிள் கிடக்கிறது. கோழிகள் எங்கே என்று கேட்டால், சளி பிடித்துச் செத்தன என்பர், அல்லது கீரியும் மரநாயும் கொண்டுபோயின என்பர். இரண்டும் உண்மையே. ஆனால், சளிக்கும் கீரிக்கும் கதவைத் திறந்து வைத்தது அந்தக் கூடுதான் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

மலைநாட்டவராகிய நாம் கோழிக்கூட்டைக் குளிருக்கு அஞ்சிக் கட்டுகிறோம். நான்கு புறமும் பலகை அடித்து, இடுக்கிற் சாக்கைத் திணித்து, காற்றுப் புகாதபடி மூடிவிட்டால் கோழிக்கு நன்மை செய்துவிட்டதாக நினைக்கிறோம். கண்டிப் பகுதியின் சராசரி வெப்பநிலை 24 பாகை செல்சியசு அளவினது. கோழியின் உடல் வெப்பமோ 41 பாகைக்கு மேற்பட்டது. அதன்மேல் இறகுப் போர்வை வேறு. இறகைச் சிலிர்த்து, அவற்றினிடையே காற்றைச் சிறைப்படுத்தி அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளும். நம்முடைய மார்கழிக் குளிர் வளர்ந்த கோழியைக் கொல்வதில்லை. அதைக் கொல்வது ஈரமும், ஈரத்தோடு சேர்ந்த கெட்ட காற்றுமேயாகும்.

இது நிகழும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. கோழியின் எச்சத்திலே நாலில் மூன்று பங்கு நீர். மூச்சிலும் நீராவி உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லையாதலின் மிகுந்த வெப்பத்தை அது மூச்சு வழியாகவே வெளியேற்றும். எட்டுக் கோழிகளை ஒரு பெட்டியில் இரவு முழுவதும் அடைத்துவிட்டால் அவ்வளவு நீரும் அப்பெட்டிக்குள்ளேயே நிற்கும். விடியற் குளிரிலே தகரக் கூரையின் அடிப்புறத்தில் அது துளியாகப் படிந்து திரும்பவும் கீழே சொட்டும். ஈரமான எச்சத்தில் நுண்கிருமிகள் பெருகி அமோனியா என்னும் காரமான வாயுவை உண்டாக்கும். அவ்வாயு முதலிற் கண்ணை அரிக்கும்; பின்பு மூச்சுக் குழாயின் உட்புறத்திலே தூசையும் கிருமியையும் தடுத்து நிற்கும் மெல்லிய மயிர்களைக் கெடுக்கும். காவல் இல்லாத கோட்டைக்குள் பகைவன் புகுவதுபோல அதன்பின்பு எந்த நோயும் எளிதிற் புகும். அந்நோயைத்தான் நாம் குளிராற் பிடித்த சளி என்று சொல்லி, மறுவாரம் இன்னும் ஒரு சாக்கைக் கட்டுகிறோம்.

கூடு நல்லதோ கெட்டதோ என்று அறிய ஒரு சோதனை உண்டு. விடிந்ததும், கதவைத் திறந்து காற்றோட விடுவதற்கு முன்னர், கோழி உறங்கும் உயரத்துக்குக் குனிந்து உள்ளே முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் கோழிகள் இரவெல்லாம் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. கண் கரிக்காத கூட்டில் சளி பெரும்பாலும் வருவதில்லை.

ஆகவே காற்றுக்கு வழி விடுங்கள். சுவரின் கீழ்ப்பகுதி பலகையாக இருக்கட்டும். உறங்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையின் இறவாரத்தை ஒட்டி, எதிரெதிரான இரு பக்கங்களிலும் ஓரடி அகலத்துக்கு வலையை மட்டும் அடித்து விடுங்கள். கோழியின்மேல் நேரே காற்று அடிக்காது. அதன் தலைக்கு மேலாகக் கெட்ட காற்று வெளியேறும். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு சாக்குப் படுதா போதும். அதையும் மழை விட்டவுடன் சுருட்டி விடவேண்டும்.

மழையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கட்டுகஸ்தோட்டை வானிலை நிலையத்தின் அளவுப்படி எங்கள் பகுதியிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவத்திலே மெல்லிய நீண்ட மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே பிற்பகல் இடியோடு கொட்டும் மழை. இத்தகைய மழைக்கு ஆறங்குலம் நீட்டிய கூரை என்ன காவல் செய்யும்? சுவரிலிருந்து இரண்டடியேனும் கூரை வெளியே நீண்டிருத்தல் வேண்டும். தகரம் போடுவதில் தவறில்லை. அதன்மேல் கிடுகையோ பழைய ஓலையையோ பரப்பினால் பங்குனி வெயிலும் மழையின் பேரோசையும் தணியும். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் நேரே உள்ளே பாயாது.

இனி இடம். இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய இடர் ஒன்று இருக்கிறது. பிங்கா ஓயா அக்குறணை நகரை ஊடறுத்து ஓடிக் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு கலக்கிறது. சிறிய ஆறு, ஆனால் மலையிற் பெருமழை பெய்தால் சில மணி நேரத்துக்குள் கரையை மீறி ஏ-9 வீதியையும் கடைத்தெருவையும் மூழ்கடித்துவிடும். ஓயாவுக்கு அருகே வளவு உள்ளவர்கள் கோழிக்கூட்டை நிலத்தோடு ஒட்டிக் கட்டுவது பறவைகளைக் கூண்டோடு நீருக்குள் இறக்குவதற்கு ஒப்பாகும். இரவிலே வெள்ளம் வந்தால் ஒரு கையாற் கதவைத் திறந்து கோழிகளை எடுத்துவிடக்கூடிய அகலமான கதவும், அருகிலே தொங்கும் இரண்டு கூடைகளும் அங்கே இன்றியமையாதன.

சரிவிலே இருப்பவர்களுக்கு வேறொரு இடர். கூட்டுக்குச் சமதரை வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்திட்டை வெட்டுகிறார்கள். ஆறடிக்கு நாலடி நிலத்துக்காக நிமிர்ந்து நின்ற மண்சுவரின் காலை வெட்டினால் அது மழைக்காலத்தில் எங்கே விழும்? கூட்டின்மேல் விழும், கூடு வீட்டை ஒட்டியிருந்தால் வீட்டின்மேலும் விழும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்திலே மண்சரிவினால் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை நாமெல்லோரும் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும் பகுதிகளிலே கோழிக்கூட்டுக்காகவும் ஒரு மண்வெட்டி மண் வெட்டலாகாது. நிலத்தைக் கூட்டுக்கு ஏற்றபடி திருத்துவதை விட்டு, கூட்டை நிலத்துக்கு ஏற்றபடி அமையுங்கள். மேற்சரிவுப் பக்கத்துக் காலை இரண்டரை அடியாகவும், கீழ்ச்சரிவுப் பக்கத்துக் காலை வேண்டிய அளவு நீளமாகவும் வைத்துக் குறுக்குச் சட்டம் பிணைத்துவிட்டால் தளம் மட்டமாக நிற்கும். மண்ணும் அசையாது, மழைநீரும் கீழே தன்வழியே ஓடிவிடும். அத்தகைய கூட்டுக்குத் தளமாகக் கமுகஞ் சலாகைகளை முக்கால் அங்குல இடைவெளி விட்டு அறையலாம். எச்சம் கீழே விழுந்துவிடும். மேலே ஈரம் தங்காது.

கிணற்றையும் மறத்தலாகாது. சரிவிலே நம்முடைய கிணறு மேலே இருந்தாலும் அயலவருடைய கிணறு கீழே இருக்கக்கூடும். எச்சம் கழுவிய நீர் எவ்வழியே இறங்கும் என்பதை ஒரு மழை நாளில் நின்று பார்த்துவிட்டு, எந்தக் கிணற்றுக்கும் ஐம்பதடியேனும் அப்பால் இடம் தெரிவு செய்யுங்கள். வீடுகள் நெருங்கிய ஊரிலே கோழி வளர்ப்பு நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அயலவருடைய மூக்கைப் பொறுத்தது.

அளவு என்ன? எட்டுக் கோழிக்கு ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள கூடு, பகலிலே வெளியே மேய விடுவதாயின், போதியது. மேய விட வசதி இல்லாதவர்கள் ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி வீதம் வலையடைத்த முற்றமொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடம் குறைந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். கொத்துப்பட்ட இடத்திற் குருதி கண்டால் எல்லாம் சேர்ந்து கொத்தும்.

கூட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, பகைவன் யார் என்று முதலிற் கேட்கவேண்டும். கீரி பெரும்பாலும் பகலில் வரும். மரநாய் இரவில் வரும். குஞ்சுக்குப் பருந்தும் காகமும் எலியும் பகை. முட்டைக்குச் சாரைப்பாம்பு பகை. தெரு நாய் எல்லாவற்றுக்கும் பகை. கோழிக்கு இருளிற் கண் தெரியாது என்பது மரநாய்க்கு நன்கு தெரியும். சட்டத்தின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழியை ஒவ்வொன்றாகக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் கொண்டுபோவதும் உண்டு.

கடையிலே கோழி வலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருப்பதற்கு உதவும். பகைவனை வெளியே நிறுத்துவதற்கு உதவாது. அதன் கம்பி மெல்லியது, நாய் பல்லாற் கிழித்துவிடும். அதன் கண் பெரியது, கீரி தலையை நுழைத்துவிடும். தலை நுழைந்த இடத்திலே கீரியின் உடலும் நுழையும். ஆதலின் அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையையே வாங்குங்கள். விலை கூடியதுதான். ஆனாற் கூடு முழுவதற்கும் அது வேண்டியதில்லை. காற்றுவழிக்கும் கதவுக்கும் மட்டும் போதும். அதைச் சிறு ஆணியால் அறையாமல், ஓரத்திலே மரச்சட்டம் வைத்து அமுக்கி அறைய வேண்டும். நிலத்திலே முற்றம் அடைப்பவர்கள் வலையின் கீழோரத்தை வெளிப்புறமாக மடித்து ஓரடி அகலத்துக்குத் தரையில் விரித்து மண்ணால் மூடிவிட வேண்டும். தோண்ட வரும் விலங்கு வேலியின் அடியிலேதான் தோண்டும். அங்கே வலை காலில் தட்டினால், ஓரடி பின்வாங்கித் தோண்டலாம் என்ற அறிவு அதற்கு வருவதில்லை. கூட்டின் கால்களிலே கவிழ்த்த புனல்போலத் தகரத் தட்டு மாட்டினால் எலியும் பாம்பும் ஏறா. கழிவெண்ணெயில் நனைத்த துணியைக் கட்டினால் எறும்பு ஏறாது.

கதவுக்கு வெறும் கொளுக்கி போதாது. நாய் தட்டினால் அது கழன்றுவிடும். நாதாங்கி போட்டு, அதன் துளையிலே ஓர் ஆணியைச் செருகி வையுங்கள். எங்கள் ஊரிலே மஃரிப் பாங்கு கேட்கும் நேரமே கோழி அடையும் நேரம். பாங்கு சொல்லி முடிவதற்குள் கதவு பூட்டப்பட வேண்டும் என்ற வழக்கத்தை வீட்டிலுள்ள ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிடலாம்.

கண்ணி வைப்பதும் நஞ்சு வைப்பதும் சிலருடைய வழக்கம். இது கூட்டைச் சரிவரக் கட்டாதவன் தேடும் குறுக்கு வழி. 2020ஆம் ஆண்டிலே நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டு, பின்னர் மாண்டது. கண்ணிக்கு ஆள் தெரியாது, நஞ்சுக்கும் தெரியாது.

உள்ளமைப்பிலே முதன்மையானது கோழி உறங்கும் சட்டம். நமது தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி, நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் பிற காடுகளிலும், இரவிலே மரக்கிளையில் ஏறியே உறங்கும். வீட்டுக்கோழிக்கும் அவ்வியல்பு மாறவில்லை. இரண்டங்குலத் தடிப்புள்ள, முனை மழுக்கிய சட்டமாயின் அதன் கால் நன்றாகப் பற்றும். கோழி குந்தியவுடன் காலின் நரம்பு இழுபட்டு விரல்கள் தாமே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் உறக்கத்தில் விழுவதில்லை. கோழி ஒன்றுக்கு ஒன்பது அங்குலம் வேண்டும். எட்டுக் கோழிக்கு ஆறடிச் சட்டம் ஒன்று என்று கணக்குச் சரியாக வருகிறது. சட்டத்திலே உறங்கும் கோழியின் விரலைத் தளத்தின் இடைவெளி வழியாக மரநாய் கடிப்பதும் நடவாது.

முட்டைப் பெட்டிகள் இரண்டு போதும். நீளம் அகலம் உயரம் மூன்றும் ஓரடி. அவை சட்டத்திலும் தாழ்வாக இருக்கவேண்டும். உயரமாக வைத்தால் உயரத்தை விரும்பும் கோழி பெட்டியிலே உறங்கி எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். முட்டையிடும் கோழி மறைவை நாடும்; பெட்டியின் முன்புறத்திலே ஒரு துணித்துண்டைத் தொங்கவிட்டாற் போதும். வெளிப்புறத்திலே மூடி அமைத்து முட்டை எடுக்கலாம். அந்த மூடிக்கும் நாதாங்கி உண்டா என்று பாருங்கள். பலர் கதவைப் பூட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

இடையிலே ஒரு செய்தி. கண்டியரசிலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்சு என்னும் ஆங்கில மாலுமி, தமது வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த தொழில்களுள் கோழி வளர்ப்பும் ஒன்றென 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்திருக்கிறார். கையில் முதலில்லாத ஓர் அந்நியனுக்கும் இம்மலைநாட்டிலே கோழி கைகொடுத்திருக்கிறது.

சலாகைத் தளத்தின் கீழே உமியையோ மரத்தூளையோ நாலங்குலம் பரப்பி வைத்தால் விழும் எச்சத்தை அது உறிஞ்சும். வாரம் ஒருமுறை வாரி, இலைச்சருகோடு குவித்து மூடி, சில மாதம் மக்கவிட்டு மிளகுக்கும் கராம்புக்கும் இடலாம். பச்சையாக இட்டால் வேர் கருகும். உரத்தடையின் காலத்தில் இக்குவியலின் அருமையை எங்கள் பகுதித் தோட்டக்காரர்கள் நன்கு உணர்ந்தார்கள். கூட்டின் ஒரு மூலையிலே மழை படாத இடத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு பெட்டியில் வையுங்கள். கோழி அதிற் புரண்டு தன் பேனை உதிர்த்துக்கொள்ளும். செவ்வுண்ணி என்றொரு சிறு பூச்சி பகலிற் சட்டத்தின் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவிலே குருதி குடிக்கும். இரவில் விளக்கோடு சென்று வெள்ளைத் துணியாற் சட்டத்தின் அடியைத் துடைத்துப் பார்த்தால் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெடிப்பெல்லாம் நிரம்பச் சுண்ணாம்பு அடிப்பது இதற்கு நல்ல பரிகாரம்.

தீனைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலான தீனும், கால் லீற்றர் தூய நீரும், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மேய்ச்சலும் குருணலும் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் அதன் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

நோய்களுள் கொடியது இராணிக்கெட். 1926ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே அறியப்பட்டமையால் அப்பெயராலும், வட இந்திய மலைநகராகிய இராணிக்கெட்டின் பெயராலும் வழங்குகிறது. கூட்டை எத்துணைச் செம்மையாகக் கட்டினாலும் இந்நோய் வாசலில் நிற்காது. தடுப்பு மருந்து ஒன்றே காவல். பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் எந்த வயதில் எப்போது இடவேண்டும் என்று சொல்வார்கள். நமக்கு ஒரு பேறு உண்டு. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயிலும், கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையிலும், நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையிலும் இருக்கின்றன. இலங்கையில் இவ்வளவு அறிவு இவ்வளவு அருகிலே வேறெந்த ஊராருக்கும் இல்லை. இருந்தும் கோழி செத்த பின்பு அதைப் புதைத்துவிட்டுப் பேசாதிருக்கிறோம்.

கூடு கட்டி முடிந்தது, கோழியும் வந்தது. முதல் ஒரு வாரம் அவற்றை வெளியே விடாதீர்கள். உள்ளேயே தீனும் நீரும் கொடுங்கள். இதுதான் வீடு என்று அவை பழகுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். எட்டாம் நாள் மாலை நாலரை மணிக்குக் கதவைத் திறவுங்கள். இருள்வதற்குச் சிறிது நேரமே இருத்தலின் அவை தூரம் போகமாட்டா. ஒரு பிடி குருணலைக் கூட்டினுள்ளே தூவி, நாள்தோறும் ஒரே ஓசையாற் கூப்பிடுங்கள். அவை ஏறியதும் எட்டும் சட்டத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தபின் நாதாங்கியைப் போட்டு ஆணியைச் செருகுங்கள்.